ஒரு வாரம்தான் டாக்டர்

முப்பது வருடம் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள் நான். விடை சரியாக இருந்தாலும் போட்ட வழி தப்பென்றால் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் பயந்தார்கள், என் கணவர் இன்றைக்கும் பயப்படுவதாகத்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறார். என் வாய்க்கு அஞ்சாதவர்கள் எங்கள் மந்தைவெளித் தெருவில் இரண்டே பேர். ஒருத்தி எங்கள் வீட்டு கேட்டை ஒட்டிக் கூடை வைத்து உட்காரும் பூக்காரம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். இன்னொருத்தி எங்கள் நாய். அப்பேர்ப்பட்ட நான் ஒரு டாக்டரிடம் நாள் கணக்கைத் தப்பாகச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

நாய் எங்களிடம் வந்ததே பூக்காரம்மாவால்தான். அவள் பூக்கூடை வைக்கிற இடத்துக்குப் பின்னால், சுவரோரம், ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டது. மூன்று கடுவனையும் ஆளுக்கொன்றாக யார் யாரோ கொண்டுபோனார்கள். மிச்சமிருந்ததை அவள் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"வச்சுக்க டீச்சரம்மா. பொட்டையா பொறந்துட்சின்னு எவனும் தூக்கிக்கினு போவல."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது எனக்கு. பெண் என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும். குட்டி வளர்ந்து செம்பட்டை நிறத்தில் காது விறைத்து நின்றது. நாங்கள் ஒரு பெயர் வைத்தோம். பூக்காரம்மா மட்டும் இன்றுவரை 'பொண்ணு' என்றே கூப்பிடுகிறாள். இரண்டு பெயருக்கும் வாலாட்டும்.

தடுப்பூசி போடப் போனபோது, அபிராமபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா அப்போதே சொன்னார். "கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க டீச்சர். சின்ன வயசுலயே பண்ணிட்டா பின்னாடி மடியில கட்டி வர்றது ரொம்பக் குறைவு." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசாமல் கிடக்கிற ஜீவனின் வயிற்றைக் கிழிக்கச் சொல்ல இவர் யார் என்று தோன்றியது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஆறு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

ஆறாவது வயதில் நாய்க்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சினையே இல்லை, ஆனால் சினை என்று அவள் உடம்பு நம்பிவிட்டது. என் கணவரின் இடது கால் செருப்பைக் கவ்விக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்து, அதைச் சுற்றி வளைந்து படுத்து, நக்கி நக்கிச் சுத்தம் செய்தாள். யாராவது கிட்டே போனால் உறுமினாள். அவர் பத்து நாள் என்னுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார். நாயின் மடி வீங்கிப் பால் கட்டியது. பிதுக்கினால் நிஜமாகவே பால் வந்தது. குடிக்கத்தான் ஆளில்லை. அந்தச் செருப்பை அவள் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

பூக்காரம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். இடது பக்கம், பின்னங்காலுக்கு முந்தின காம்புக்குப் பக்கத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது.

"பால் கட்டிக்கினு கீது டீச்சரம்மா. மல்லிப்பூ வச்சிக் கட்டு, வத்திடும். எனக்கு மொத புள்ள தங்கல. அப்ப எங்கம்மா இத்ததான் வச்சிக் கட்டுச்சி."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் கோயிலுக்குப் போகிற வீடானாலும், பால் வற்ற வேண்டுமென்றால் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். என் அக்காவுக்குக்கூடக் கட்டியிருக்கிறார்கள். அதனால் நானும் தலையாட்டினேன். தினமும் சாயங்காலம் கூடையில் வந்த முதல் பூவில் ஒரு கை அள்ளி அவள் தந்துவிடுவாள். நான் பழைய புடவைத் துண்டில் பரப்பி நாயின் வயிற்றோடு சேர்த்துக் கட்டுவேன். வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணத்தது. "மாப்பிள்ளை யாரு, அந்தச் செருப்பா?" என்று என் கணவர் கேட்டார். நாயும் அந்த நாட்களில் ரொம்பப் பெருமையாக நடந்தது.

பத்து நாளில் பால் வற்றியது. செருப்பு அதன் சொந்தக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. மடி சுருங்கிப் பழையபடி ஆனது. அந்த ஒரு இடத்தைத் தவிர. அங்கே மட்டும் தோலுக்கு அடியில் ஒரு பட்டாணி நின்றது. விரல் வைத்தால் நழுவி நழுவிப் போனது.

கட்டை அவிழ்த்த அன்றைக்கே எனக்கு அது தட்டுப்பட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். என் அக்கா மார்பில் வந்த கட்டியை ஒரு வருடம் புடவைத் தலைப்புக்குள் மறைத்துவைத்திருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரை உச்சரித்ததில்லை. 'அடையாறு போயிட்டு வர்றா' என்பார்கள், கேட்பவருக்குப் புரிந்துவிடும். அடையாறு என்றால் மற்றவர்களுக்கு ஆறும் ஆலமரமும். எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவின் பெஞ்சு. அக்கா போய்ச் சேர்ந்தபோது நான் எல்லாரையும் திட்டினேன், அவளையும் திட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாளே என்று சவப்பெட்டிக்கு முன்னால் நின்று கத்தினேன். அதே நான்தான் நாயின் வயிற்றில் பட்டாணியைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்து போனேன். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பட்டாணி சுண்டைக்காய் ஆனது. சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது. நாலு மாதம்.

நாய் அந்த இடத்தை ஓயாமல் நக்குவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பார்த்துவிட்டார். கீழே உட்கார்ந்து தடவினார். "இங்க பாரு, என்னமோ இருக்கு" என்றார். சர்க்கரை வியாதியால் அவருக்கு விரல் நுனி மரத்துப் போயிருக்கும். அந்த விரலுக்கே தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. நான் "அய்யோ, அப்படியா" என்றேன். நாடகத்தில் நடிக்கப் போயிருக்கலாம் நான்.

மறுநாள் காலையில் கிளினிக். டாக்டரம்மா நாயை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்தார். என் கணவர் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். டாக்டர் அவசரப்படவே இல்லை. அக்குளில் ஆரம்பித்துத் தொடை இடுக்கு வரைக்கும், முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், ஒவ்வொரு காம்பாக இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். அக்குளிலும் இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அப்புறம் நாயின் சீட்டை எடுத்து இரண்டு வரிசையாகப் பத்து வட்டம் போட்டார். இடது வரிசையில் நாலாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அளந்து, மூன்று சென்டிமீட்டர் என்று எழுதினார். கணக்குப் பாடம் மாதிரியே இருந்தது. எனக்கு அந்த நேரத்திலும் அது பிடித்தது.

"எப்பலேர்ந்து இருக்கு டீச்சர்?"

"ஒரு வாரம்தான் டாக்டர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் கணவருக்கு நேற்றிலிருந்துதான் தெரியும், நான் குத்துமதிப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பூ வைத்துக் கட்டிய கதையை அவர்தான் சொன்னார். "யார் சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டதும் நான் முந்திக்கொண்டு "பூக்காரி சொன்னா" என்றேன். பத்து வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் இல்லை டீச்சர், அவதான் டீச்சர்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஒரு வாரத்துல மூணு சென்டிமீட்டர்னா ரொம்ப வேகமா வளருது. மடிக் கட்டியில சிலது சாது, சிலது பொல்லாதது. ஊசி குத்திப் பாத்து முழுசா சொல்ல முடியாது, எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் தெரியும். முதல்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுவோம், நுரையீரலுக்குப் போயிருக்கான்னு. இந்த வேகத்துக்கு நான் கட்டியை மட்டும் எடுக்க மாட்டேன். இடது பக்க வரிசையையே எடுத்துடலாம். கர்ப்பப்பையும் சேர்த்து."

வரிசையையே என்றால் அக்குளிலிருந்து தொடை வரைக்கும். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு மாதம் என்று தெரிந்திருந்தால் வெட்டு இவ்வளவு நீளமாக இருந்திருக்காதோ என்னவோ, கட்டியும் கொஞ்சம் ஓரமும் போதும் என்றிருப்பாரோ என்னவோ. கேட்டால் அல்லவா தெரியும். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்கியதும் பூக்காரம்மா எழுந்து வந்தாள். "இன்னா டீச்சரம்மா சொன்னாங்க பொண்ணுக்கு?" அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே அடக்கிவைத்திருந்ததெல்லாம் அவள் தலையில் விழுந்தது. "உன் பூவை வச்சுத்தான் இப்படி ஆயிருக்கு! பால் கட்டு பால் கட்டுன்னு சொன்னியே, இப்ப கட்டியா நிக்குது. வரிசையா அறுக்கணும்னு சொல்றாங்க!" தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பயப்படாத அந்த மனுஷி தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்து, கட்டிக்கொண்டிருந்த பூவைக் கையில் எடுத்தாள். கட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். நான் மாடிப்படி ஏறிப் போய்விட்டேன்.

எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அந்த வாரமே ஆபரேஷன். மயக்கம் தெளிந்து நாயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வயிற்றின் இடது பக்கம் முழுக்கத் தையல். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு எல்லாக் கதவிலும் இடித்ததால், என் கணவர் தன் பனியனில் பின்னங்காலுக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிவிட்டார். அவருடைய பனியனைப் போட்டுக்கொண்டு அவள் கூடத்தில் மெல்ல நடந்தாள், குளித்துவிட்டு வந்த பெரிய மனுஷன் மாதிரி. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று ராத்திரி நான் தரையில் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். தையலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சாண், அரைச் சாண் என்று கண் அளந்துகொண்டேயிருக்கும். இதில் எவ்வளவு நோய்க்கு, எவ்வளவு என் பொய்க்கு?

நாலாம் நாள் வெளியே விட்டதும் பனியனோடு நேரே பூக்கூடைக்குத்தான் போனாள். பூக்காரம்மா கூடையைச் சட்டென்று அந்தப் பக்கம் நகர்த்தினாள். "வேணாண்டி பொண்ணு. பூ வாசன உனக்கு ஆவாது." நாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றது. அவள் அதைத் தொடாமல் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். நான் கேட்டுக்குள் நின்று இதைப் பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுத்தது.

இரண்டு வாரம் கழித்து லேப் ரிப்போர்ட் வந்தது. பொல்லாததுதான். ஆனால் ஆரம்ப நிலை, ஓரமெல்லாம் சுத்தம், ரத்தக் குழாயில் நுழையவில்லை. டாக்டர் இரண்டு தடவை படித்தார். "நல்ல செய்தி டீச்சர். அந்த வேகத்துக்கு நான் ரொம்ப மோசமா எதிர்பார்த்தேன். ஆச்சரியமாத்தான் இருக்கு." சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் டாக்டர்" என்றது அது. மாதம் ஒரு முறை வீட்டிலேயே தடவிப் பார்க்க வேண்டும், வலது வரிசையிலும் வரலாம், எவ்வளவு சின்னதாக இருக்கும்போது பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி அனுப்பினார்.

தடவிப் பார்க்க என்னால் முடியவில்லை. என் விரலுக்கு எல்லாமே கட்டியாகத் தெரிந்தது. விலா எலும்பு கட்டி, காம்பு கட்டி. என் கணவரின் விரலுக்கோ எதுவுமே தெரியாது. அப்போதுதான் எனக்குப் பூக்காரம்மாவின் கை நினைவுக்கு வந்தது. அவள் பூக்கட்டும்போது பூவைப் பார்க்கவே மாட்டாள். கண் தெருவில், பறக்கும் ரயில் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தில் இருக்கும். விரல்கள் பாட்டுக்கு அழுகின மொட்டை ஒதுக்கிக்கொண்டே கட்டும். ஒரு சொத்தைப் பூ மாலைக்குள் போனதில்லை.

கீழே போய்க் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நானா? வேணாம் டீச்சரம்மா. என் கை பட்டுத்தான் ஆச்சின்னு நீயே சொன்ன. இன்னொருக்கா எதுனா ஆயிடப்போவுது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீதான் பாக்கணும்."

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஏன் ஆகாது என்று சொல்லவில்லை. அவளும் எனக்காக வரவில்லை, பொண்ணுக்காக வந்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் பூக்கட்ட உட்காருவதற்கு முன்னால், கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு மாடிக்கு வருவாள். மல்லிகை வாசனை துளிகூட இருக்கக் கூடாதென்று விரலை மோந்து பார்த்துக்கொள்வாள். நாய் அவளைப் பார்த்ததும் தானே மல்லாந்துவிடும். டாக்டர் காட்டியபடி நான் சொல்லிக்கொடுத்தேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கூடத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் விரல்கள் இறங்கும். "ஒண்ணியும் இல்ல" என்பாள். நான் காபி தருவேன். குடித்துவிட்டுப் போவாள். முன்னே மாதிரி வம்பு பேசுவதில்லை.

ஐந்தாவது மாதம் அந்தக் கை நின்றது. வலது பக்கம், மூன்றாவது காம்பு. விரல் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. கண் ஜன்னலிலிருந்து இறங்கியது.

"டீச்சரம்மா. இங்க இன்னாவோ கீது. கடுகாட்டம்."

நான் தொட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கணவருக்கும் தெரியவில்லை. அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். அப்புறம்தான், ஆமாம், ரவை உருண்டை மாதிரி ஒன்று. அவள் முகம் வெளுத்துவிட்டது. "பூ கைய நல்லா கழுவினேன் டீச்சரம்மா. சத்தியமா கழுவினேன்" என்றாள்.

மறுநாள் காலையில் கிளினிக் திறக்கும்போதே போய் நின்றோம். பூக்காரம்மாவையும் வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். அந்தக் கடுகு சாதுவானது, ஒரு சின்ன வெட்டோடு போய்விட்டது, நாய் இன்றைக்கும் என் காலடியில்தான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அன்று காலையில் எங்கள் யாருக்கும் அது தெரியாது. அதே மேசை. நாய் மல்லாந்து படுத்திருந்தது. இந்தத் தடவை தலைப்பக்கம் பிடித்துக்கொண்டவள் பூக்காரம்மா. டாக்டர் தேடிப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"அடேயப்பா. இவ்வளவு சின்னதை யார் கண்டுபிடிச்சது? எப்பலேர்ந்து இருக்கு?"

"இவங்க கண்டுபிடிச்சாங்க," என்றேன். "நேத்து சாயங்காலம் நாலு மணி. போன மாசம் இல்ல. இவங்க பாத்து இல்லேன்னா இல்லைதான்."

டாக்டர் பழைய சீட்டை எடுத்து அந்தப் பத்து வட்டத்துக்குக் கீழே எழுதப் போனார். மேலே அவருடைய கையெழுத்தில் 'ஒரு வாரம்' என்று இருந்தது. என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"டாக்டர், அது தப்பு. அதை அடிச்சுடுங்க. ஒரு வாரம் இல்ல, நாலு மாசம். பால் வத்தின அன்னிக்கே என் கையில பட்டாணி மாதிரி தட்டுப்பட்டுது. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

என் கணவர் என்னைப் பார்த்தார். டாக்டர் பார்க்கவில்லை. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே நாலு மாதம் என்று எழுதினார். "இங்க வர்ற எல்லாருக்கும் ஒரு வாரம்தான் டீச்சர்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பூக்காரம்மா நாயின் தலையைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"இன்னா சொல்ற டீச்சரம்மா? அப்ப... என் பூவால இல்லியா?"

"இல்ல. பூ பாலைத்தான் வத்த வச்சுது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்."

"இல்லியா டாக்டரம்மா?"

"பூவால கட்டி வராதும்மா," என்றார் டாக்டர்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்க வேண்டும். அவள் கண்ணிலிருந்து இறங்கியதை முந்தானையால் துடைக்காமல், வலது கையை மெல்ல எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அன்று விடிகாலையிலேயே கோயம்பேட்டில் பூ எடுத்துவிட்டு வந்தவள், நான் அவசரப்படுத்தியதில் கையைக் கழுவியிருக்கவில்லை. அந்தக் கையை அப்படியே நாயின் வயிற்றில் வைத்தாள். அக்குளிலிருந்து, ஒவ்வொன்றாக, மறுபடியும் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தாள்.